பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் பாலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று வாக்கியங்கள் கட்டாயம் வரும். ஆறு செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. மேலேதான் காய்ந்திருக்கிறது, அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆந்திராவில் அணை கட்டியதால்தான் இவ்வளவும். மூன்றையும் ஒரே ஆள், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பத்தில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால் நான்காவதாக ஒன்று சொல்வார்கள்: "மேலே கர்நாடகா விட்டால்தானே எங்களுக்கே வரும்?"

எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. செத்த ஆறு எப்படி அடியில் ஓடும்? அடியில் ஓடுவதைத் தரைக்கு மேல் எழுப்பிய சுவர் எப்படி நிறுத்தும்? இந்த ஆறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் சண்டை தீராவிட்டாலும், எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பதாவது தெளிவாகும். நிலவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆறு வரும் வழி

கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பாலாறு தொடங்குகிறது. அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர், ஆக மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேர்கிறது. குப்பம் மேட்டுநிலத்திலிருந்து இறங்கி, புல்லூர் அருகே எல்லையைத் தாண்டி, வாணியம்பாடிக்கு வருகிறது.

காவிரியோடு இதை ஒப்பிட்டுப் பேசுவதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. காவிரி பிறப்பது குடகில்; தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மலை அது. பாலாற்றுக்கு அப்படி ஒரு மலை கிடையாது. அது பிறக்கும் கோலார்ப் பக்கத்தில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். வேலூர்ப் பக்கம் 900 முதல் 1000 வரை. லண்டனில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர்தான் பெய்கிறது என்று கேட்டால், நமக்கு என்ன குறை என்று தோன்றும். குறை வெயிலில் இருக்கிறது. இங்கே திறந்து கிடக்கும் தண்ணீரிலிருந்து ஓர் ஆண்டில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழம் ஆவியாகிப் போகும். வருவதைவிடப் போகக்கூடியது அதிகமாக இருக்கும் இப்படிப்பட்ட நிலத்தை அரைவறண்ட நிலம் என்கிறார்கள். மழையும் ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்வதில்லை. சில வாரங்களில், அதிலும் சில பெருமழைகளில் கொட்டிவிட்டுப் போய்விடும்.

ஆகவே பாலாறு வற்றாத ஆறாக இருந்தது, நம் காலத்தில்தான் காய்ந்தது என்பது சரியல்ல. இதற்கு நல்ல சாட்சி 12ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில், திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றில் பாலாற்றைப் பாடுகிறார்: கோடையில் உழவர் மணல்திட்டைக் கையால் பிசைந்து வருட, பிள்ளை தொட்டதும் பால் சுரக்கும் தாயைப் போல ஆறு சுரந்து, இரண்டு கரைக் கால்வாய்களிலும் நீர் ஏறுகிறதாம். உவமையை ரசித்துவிட்டு, சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். அன்றைக்கும் கோடையில் ஆற்றின் மேல் மணல்தான் இருந்தது. தண்ணீர் அந்த மணலுக்குள் இருந்தது, கைக்கு எட்டும் ஆழத்தில்.

கோடையில் மேலே காய்வது பழைய கதை என்றால், மணலும் சேர்ந்து காய்வதுதான் புதிது. பாலாற்றைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தொலைந்துபோகிறது.

ஒரு வாளி மணல்

வீட்டில் செய்து பார்க்கலாம். பத்து லிட்டர் வாளியில் காய்ந்த ஆற்றுமணலை விளிம்பு வரை நிரப்புங்கள். பார்வைக்கு வாளி நிறைந்துவிட்டது. இப்போது மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மூன்று, மூன்றரை லிட்டர் வரை உள்ளே போகும். மணிகளுக்கு நடுவே அவ்வளவு காலி இடம் இருக்கிறது. ஒரு மண் அல்லது பாறையில் இப்படிக் காலியாக இருக்கும் பங்கை நுண்துளைமை என்பார்கள்.

அடுத்து வாளியின் அடியில் ஒரு துளை போடுங்கள். ஊற்றியது முழுவதும் திரும்பி வராது. இரண்டு லிட்டர் அளவுக்கு வடியும். மீதி, மணியைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதாவது மணலின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நாம் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தண்ணீர்.

வாளியை ஆறாக்கிப் பார்ப்போம். அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள ஆற்றில் ஒரு கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் ஐந்து மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம் கன மீட்டர் மணல். அதில் ஐந்தில் ஒரு பங்கு 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால், பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருஷத் தண்ணீர். ஒரே ஒரு கிலோமீட்டரில்! தாம்பரம், பல்லாவரம் வரைக்கும் பாலாற்றுத் தண்ணீர் குழாயில் போனது இந்த மணலை நம்பித்தான்.

இந்தத் தொட்டிக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேல் மணல் காய்ந்து, நீர்மட்டம் இரண்டு மூன்று அடி கீழே இறங்கிவிட்டால், வெயில் அதைத் தொடுவது அநேகமாக நின்றுவிடும். ஏரியில் நிற்கும் தண்ணீர் பங்குனி, சித்திரையில் கண்முன்னே குறையும். மணலுக்குள் இருப்பது அப்படிக் குறையாது. வெயில் இப்படிக் காயும் ஊரில் இதைவிட நல்ல மூடி போட்ட தொட்டியைக் காசு கொடுத்துக்கூடக் கட்ட முடியாது.

மணலை விட்டுக் கரையேறி இரண்டு மைல் போனால் நிலைமை வேறு. வேலூர், சித்தூர், கோலார் எல்லாமே பழைய கடும்பாறை நாடு. பாறைக்குள் துளை இல்லை. மேலே நைந்துபோன அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் நிற்கும். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வந்த கதை எந்த ஊரிலும் உண்டு. தண்ணீரைத் தாங்கி வைத்து, கேட்டால் கொடுக்கக்கூடிய மண் அல்லது பாறை அடுக்குக்கு நீர்தாங்கி என்று பெயர். அந்தப் பாறை நாட்டின் நடுவே, ஆற்றை ஒட்டி ஓடும் மணல்தான் மிகச் சிறந்த நீர்தாங்கி.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும்: பாலாற்றில் மணல் என்பது தண்ணீர் இல்லாத இடத்தில் கிடப்பது அல்ல, தண்ணீரை வைத்திருக்கும் பாத்திரமே அதுதான்.

அடியில் ஓடுகிறதா?

ஓடுகிறது என்ற சொல்லைக் கேட்டதும், மணலுக்குக் கீழே குகை மாதிரி ஒரு வழி, அதில் சலசலவென்று இன்னொரு ஆறு என்று மனதில் படம் வந்துவிடுகிறது. அப்படி எதுவும் கிடையாது. மணிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து தண்ணீர் ஊர்கிறது. வெள்ளம் நொடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் போகும். மணலுக்குள் போகும் தண்ணீர் நாளுக்கு ஒரு மீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம்.

அந்த ஒரு மீட்டரையே தாராளமாக வைத்துக்கொள்வோம். நந்தி மலையடியில் இறங்கிய ஒரு துளி, மணலுக்குள்ளேயே பயணம் செய்து 348 கிலோமீட்டர் கடந்து வயலூர் போய்ச் சேர 950 ஆண்டுகளுக்கு மேலாகும். வீரராஜேந்திர சோழன் காலத்தில் கிளம்பியிருந்தால் இப்போதுதான் கடலைப் பார்க்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. ஆம்பூரில் மணலைத் தோண்டிக் கிடைக்கும் தண்ணீர், கர்நாடகத்திலிருந்து அடிவழியாக இந்த வருஷம் வந்தது அல்ல. ஆம்பூரிலேயே ஓடிய வெள்ளம் அங்கேயே இறங்கியது. பக்கத்து ஏரி, வயல், ஓடைகளிலிருந்து கசிந்து சேர்ந்தது. இப்படி மேலிருந்து இறங்கி நீர்தாங்கி நிரம்புவதைச் செறிவூட்டல் என்கிறோம். பாலாற்று மணலுக்குச் செறிவூட்டல் தருவது ஆண்டில் சில நாள் வரும் வெள்ளம். வெள்ளம் வராத வருஷம் தொட்டியில் வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு.

இந்த ஆற்றை வைத்து எப்படிப் பயிர் செய்தார்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. வெள்ளம் சில நாள் மட்டும், கோடையில் மணலுக்குள் கொஞ்சம் ஊற்று, சுற்றிலும் பாறை. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டவர்கள் செய்த ஏற்பாடு ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கியது.

வெள்ளத்தைப் பிடிக்க வெள்ளக்கால். ஆற்றின் கரையில் வாய் வைத்து, வெள்ளம் ஏறும் நாள்களில் மட்டும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய் ஏரியில் விடும் கால்வாய் இது. இரண்டாம் நந்திவர்மப் பல்லவனின் காசக்குடிச் செப்பேடு, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, வேகவதி, சேயாறு, திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து வெள்ளக்கால் வெட்டிக்கொள்ளும் உரிமையை எழுதித் தருகிறது. அந்தத் திரையன் ஏரிதான் இன்றைய தென்னேரி. அதற்கும் முன்பே, கூரம் செப்பேட்டில், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டிப் பரமேஸ்வர தடாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த செய்தி இருக்கிறது. மகேந்திரவாடியில் ஒரே பாறையைக் குடைந்த கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என்று சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டு.

ஏரிகள் தனித்தனியாக இருக்கவில்லை. மேலேரி கோடி போனால் அந்தத் தண்ணீர் கீழேரிக்கு. அது நிறைந்தால் அடுத்ததற்கு. சில நாள் வெள்ளத்தை ஒரு மாவட்டம் முழுக்கப் பரப்பி நிறுத்திவைக்கும் வேலை இது. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. இவ்வளவு ஏரியை யார் பார்த்துக்கொள்வது? உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை (919, 921) குடவோலைக்காகவே எல்லோரும் பேசுகிறோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வது தான் அவர்கள் வேலை. தேர்தல் முறையைவிட இது முக்கியம் என்று எனக்குப் படுகிறது, ஆனால் பள்ளிப் புத்தகம் அப்படி நினைப்பதில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு வேலைக்கு வருவது ஊற்றுக்கால். ஆற்றுமணலில் நீளவாக்கில் பள்ளம் வெட்டினால் சுற்றியுள்ள மணலிலிருந்து தண்ணீர் அதில் வந்து சேரும். ஆற்றின் சரிவைவிடக் கொஞ்சம் குறைந்த சரிவில் அந்தப் பள்ளத்தைக் கொண்டுபோனால், சில மைல் தள்ளி அது கரை மட்டத்துக்கு வந்துவிடும். மாடு வேண்டாம், ஏற்றம் வேண்டாம். தண்ணீர் தானாகவே வயலில் ஏறும். சேக்கிழார் பாடியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆண்டுதோறும் வெள்ளம் அந்தப் பள்ளத்தை மூடிவிடும், ஆண்டுதோறும் ஊர் கூடித் தூர் எடுக்கும்.

பயிரும் இதற்கு ஏற்றபடி. ஏரி நிறைந்தால் கழனியில் சம்பா. தை அறுவடைக்குப் பிறகு ஏரியில் மிச்சம் இருந்தால் நவரை. ஊற்றுக்காலோ கிணறோ கைகொடுக்கும் இடங்களில் மட்டும் கோடையில் சொர்ணவாரி. புன்செய்க் கொல்லையில் கேழ்வரகு, கம்பு, பிற்பாடு வேர்க்கடலை. வாணியம்பாடிக்கு மேற்கே, குப்பம், பேரணாம்பட்டுப் பக்கம் போகப்போகக் கழனி சுருங்கிக் கொல்லை பெருகும்.

வெள்ளைக்காரர் காலத்தில் இதோடு ஒன்று சேர்ந்தது. 1850களில் வாலாஜாவுக்கு அருகே ஆற்றின் குறுக்கே பாலாறு அணைக்கட்டு எழுந்தது. தண்ணீரைத் தேக்கிவைக்கும் அணை அல்ல இது. ஆற்றின் மட்டத்தைச் சற்று உயர்த்தி, காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி கால்வாய்களுக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிடும் சுவர். பல்லவர் காலத்து ஏரிக்கு ஆங்கிலேயர் காலத்துச் சுவரிலிருந்து தண்ணீர். மகேந்திரவாடி ஏரிக்கு இன்றும் அதே ஏற்பாடுதான்.

சுருக்கமாக: வெள்ளத்தை ஏரியில் நிறுத்தினார்கள், மணலில் தங்கியதைக் கோடையில் ஊற்றுக்கால் வழியே எடுத்தார்கள். இரண்டும் ஒரே மட்டத்தை நம்பி இருந்தன. அது ஆற்றுமணலின் மேல்மட்டம்.

மட்டம் இறங்கியது

கவலை (கிணற்று நீரை இறைக்கும் தோல் சால்) கட்டி மாடு இழுத்த காலத்தில் மாட்டால் முடிந்த ஆழம்தான் கிணற்றுக்கு எல்லை. மின்மோட்டார் அந்த எல்லையை எடுத்துவிட்டது. 1950, 60களிலிருந்து பம்புசெட் பரவியது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அதில் பிழைத்த குடும்பங்கள் ஏராளம், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கரையோரக் கிணறு ஆழமாக ஆழமாக, ஆற்றுமணலில் இருந்த தண்ணீர் பக்கவாட்டில் கிணற்றுக்குள் இழுக்கப்பட்டது. முதலில் நின்றவை ஊற்றுக்கால்கள். ஊற்றுக்கால் போனதும், ஊர் கூடித் தூர் எடுக்கும் வேலையும் போனது.

அப்புறம் மணல். லாரிக்கு மூன்று யூனிட் என்றால் 300 கன அடி. அதோடு ஏறக்குறைய 1,700 லிட்டர் தண்ணீர் நிற்கக்கூடிய இடமும் லாரியேறிப் போகிறது. அந்த இடம் அடுத்த வருஷமும் கிடைக்காது, அதற்கடுத்த வருஷமும் கிடைக்காது. மணல் எடுத்த பள்ளத்திலும் தண்ணீர் நிற்குமே என்று கேட்பார்கள். நிற்கும், வெயிலில் திறந்து நிற்கும். வண்டல் படிந்து அடி அடைத்துக்கொள்ளும். இரண்டு கரையிலும் உள்ள நீர்மட்டம் அந்தப் பள்ளத்தின் அளவுக்கு இறங்கும்.

இன்னொரு கேடு கண்ணுக்கு உடனே தெரியாது. வெள்ளக்காலின் வாய் பழைய ஆற்று மட்டத்துக்கு வைத்தது. ஆறு ஆறடி இறங்கிவிட்டால் வாய் அந்தரத்தில் நிற்கும். வெள்ளம் வந்தாலும் கால்வாய்க்குள் ஏறாமல் கீழேயே போய்விடும். ஏரி நிறையாது. ஏரி நிறையாவிட்டால் ஆயக்கட்டுக் கிணறுகளுக்கு வரும் கசிவும் குறையும், அங்கேயும் மோட்டார் இன்னும் கீழே இறங்கும்.

தோல் தொழிற்சாலைகளைப் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக் கழிவு நீர் மணலில் இறங்கிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுவது. நாளுக்கு ஒரு மீட்டர் ஊரும் தண்ணீர் என்பதை நினைவில் வைத்தால் சேதத்தின் தன்மை புரியும். மேலே ஓடும் ஆற்றில் கலந்த உப்பை ஒரு வெள்ளம் அடித்துப் போகலாம். மணலுக்குள் இறங்கிய உப்பு எளிதில் நகராது.

அணை என்ன செய்கிறது?

இப்போது டீக்கடைப் பேச்சின் மூன்றாவது வாக்கியத்துக்கு வரலாம். 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறு உண்டு: மேலே புதிய பாசன வேலை செய்ய வேண்டுமானால் சென்னையின் சம்மதம் வேண்டும். அன்றைக்குச் சித்தூர் பக்கம் முழுக்கச் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. குப்பம் அருகே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 2006இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2016இல் புல்லூர்த் தடுப்பணையின் உயரத்தை ஆந்திரம் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியபோது வாணியம்பாடியே கொதித்தது.

தடுப்பணை பெருவெள்ளத்தை நிறுத்தாது. 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வாணியம்பாடிக்குள் வெள்ளம் புகுந்து பலரைக் கொண்டுபோனது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் போனது. அதற்கு முன் இந்தத் தடுப்பணைகள் எம்மாத்திரம்? அவை பிடிப்பது சின்ன வெள்ளங்களை. மழை குறைந்த வருஷத்தில் சின்ன வெள்ளங்கள்தான் செறிவூட்டலுக்கு ஆதாரம் என்பதால், வாணியம்பாடிக்காரர் கோபத்தில் நியாயம் உண்டு. பிடித்த தண்ணீர் குப்பம் பக்கத்து மணலில் இறங்கி அங்குள்ள கிணறுகளில் ஊறுகிறது, அவர்கள் மகிழ்ச்சியிலும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டுக்குள் நாம் கட்டும் தடுப்பணையும் தன் கீழே உள்ள ஊருக்கு இதையேதான் செய்கிறது.

அணையே இல்லாமல் அந்தச் சின்ன வெள்ளம் வந்தாலும் இன்று எவ்வளவு தூரம் போகும்? நொடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் ஏறக்குறைய 24 லட்சம் கன மீட்டர். முன்பு பார்த்த கணக்குப்படி, ஐந்து மீட்டர் காலியாகக் கிடக்கும் மணல் கிலோமீட்டருக்கு 5 லட்சம் கன மீட்டரைக் குடிக்கும். அந்த ஒரு நாள் வெள்ளத்துக்கு ஐந்து கிலோமீட்டர் மணலே போதும். தாத்தா காலத்தில் மணல் முக்கால்வாசி நிறைந்திருந்தது என்று வைத்துக்கொண்டால், அதே வெள்ளம் இருபது கிலோமீட்டர் அளவுக்குப் போயிருக்கும்.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். புல்லூர்ச் சுவர் அதிகம் தொடுவது வாணியம்பாடி, ஆம்பூர் வரையிலான பகுதியை. கீழே வாலாஜாவுக்கு மேலே பொன்னையாறு வந்து சேர்கிறது; அதுவும் சித்தூரிலிருந்து வருவதுதான், ஆனால் வேறு மழை, வேறு வழி. இன்னும் கீழே திருமுக்கூடலில் ஜவ்வாது மலைத் தண்ணீரோடு சேயாறும், கூடவே வேகவதியும் கலக்கின்றன. அதற்குக் கீழே ஓர் ஊரில் கிணறு காய்ந்தால், அந்தக் கரையில் எத்தனை மோட்டார் ஓடுகிறது, ஆற்றில் எத்தனை அடி மணல் மிச்சம் என்று அங்கேயே முதலில் பார்க்க வேண்டும். புல்லூர் அங்கிருந்து வெகு தூரம்.